குப்பை ஃபோல்டரில் அத்தை

வேலை முடிந்த கையோடு மூல வீடியோவை அழித்துவிடுவது எடிட்டரின் பழக்கம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மேசைமேல் அடுக்கியிருந்த ஏழு ஹார்டு டிஸ்குகளும் கழுத்துவரை நிரம்பி வழிந்தன. ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம்.

அந்தச் சட்டப்படிதான் மாமனாரின் ஓய்வு விழா வீடியோவையும் வியாழக்கிழமை மதியம் வெட்டி ஒட்டி, ஒலியைச் சுத்தம் செய்து, மூலத்தை அழித்துவிட்டு, ஒரு கொட்டாவியோடு எழுந்தார். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாரா என்றால், பார்த்தார். எட்டு மடங்கு வேகத்தில், சத்தத்தை மூடிவைத்து. சொந்தக்காரர்கள் வீடியோவை வேறு எப்படித்தான் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மாமனாரே மாடியேறி வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, கதவைச் சாத்துங்க."

அச்சகத்தின் பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் நின்றதில் மாமனாருக்குக் காது பாதிதான் மிச்சம். மீதிக்கு ஒரு காது மெஷின். பேச்சு அதிகம் கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தையே பேசிவிடுவாள் என்பதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததுமில்லை.

"அன்னைக்கு விழாவில உங்க அத்தை மைக்ல பேசினா இல்ல?"

"ஆமா மாமா. நான் அந்த நேரம் பார்த்து கேமரா பேட்டரி எடுக்க வண்டிக்குப் போயிட்டேன். ஆனா கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"அவ பேச எழுந்தப்ப நான் காது மெஷினை அணைச்சுட்டேன்."

"ஏன் மாமா?"

"ஏன்னா என்ன சொல்றது? பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவ வாயைத் திறந்தா என் கை தன்னால காதுக்குப் போயிடுது." மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன். கடைசியில எதையோ கேட்டுட்டு என்னையே பார்த்தா. ஹால் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. சிரிச்சு வச்சேன். வீட்டுக்கு வந்து, 'யோசிச்சீங்களா'ன்னு கேட்டா. 'யோசிச்சுக்கிட்டே இருக்கேன்'னு சொன்னேன். மூணு வாரம் ஆச்சு. என்ன கேட்டான்னே தெரியலை மாப்பிள்ளை."

"உங்க பொண்ணுகிட்ட கேட்டிருக்கலாமே மாமா?"

"உங்க சம்சாரத்துகிட்டயா? அரை நிமிஷத்துல அவங்கம்மா காதுக்குப் போயிடும். அப்புறம் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா." கொஞ்சம் நிறுத்தினார். "அதுகூடப் பரவாயில்லை. இப்ப அவ பேசறதே இல்லை. சாப்பாடு வச்சுட்டுப் போயிடறா. நான் மெஷினைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒண்ணுமே கேக்கலை. வீடு நல்லாவே இல்லை."

எடிட்டருக்குப் பாவமாகப் போய்விட்டது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று தெம்பாகச் சொல்லி வீடியோவை ஓட்டினார். அச்சக மேலாளர் திரையில் தோன்றி, மாமனாரின் உழைப்பைப் பற்றி ஒன்பது நிமிஷம் முழங்கினார். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி போல் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஹால்ல பதினாறு ஃபேன் மாமா. ஒண்ணோட சத்தமாவது கேக்குதா பாருங்க," என்றார் எடிட்டர் பெருமையாக.

அத்தை மேடையேறினாள். மைக்கை ஒருமுறை தட்டினாள். டொக் என்று கேட்டது. வாயைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

உதடுகள் அசைந்தன, கை ஆடியது, முன்வரிசை சிரித்தது. சிரிப்புகூடத் துல்லியமாகக் கேட்டது. அத்தை மட்டும் ஊமைப்படத்தில் நடித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் காது மெஷினைக் கழற்றித் தட்டினார். ஊதினார். சட்டைப் பையிலிருந்து புது பேட்டரியை எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டார். "நேத்துதான் வாங்கினேன். மட்டமான சரக்கு," என்றார்.

தப்பு பேட்டரியில் இல்லை என்று எடிட்டருக்குத் தெரியும். எங்கே என்பது இரண்டு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது.

இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு முதலில், எது இரைச்சல் என்று ஒரு மாதிரி காட்ட வேண்டும். யாரும் பேசாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால், அதைப் படித்துக்கொண்டு, அதே மாதிரி ஒலியை எங்கே கண்டாலும் துடைத்து எடுத்துவிடும். விழா தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்தை எடிட்டர் கொடுத்திருந்தார். கேட்டுப் பார்க்கவில்லை. திரையில் ஒலியின் கோடு ஏற்ற இறக்கம் இல்லாமல், நடுவில் ஓர் இடைவெளி கூட இல்லாமல் ஒரே சீராக ஓடியது. ஃபேன்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

அது அத்தை. அன்று கேமராவுக்கு ஒட்டிய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். மென்பொருளும் நல்ல மாணவனாக அவள் குரலை மனப்பாடம் செய்துகொண்டு, அதன்பிறகு எங்கே கேட்டாலும் அழித்துவிட்டது.

சொல்லாமல் சமாளிக்க ஒரு கணம் யோசித்தார். மாமனார் மூன்றாவது பேட்டரியைப் பிரிப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"சரி, பழையது இருக்குமில்ல?"

"அழிச்சுட்டேன் மாமா."

மாமனார் திரையில் நின்றுபோயிருந்த மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தபடி, ஒரு கையை அவர் பக்கம் நீட்டியபடி நின்றாள்.

"நானும் அணைச்சேன், நீங்களும் அழிச்சீங்க," என்றார். "பாவம் அவ."

திட்டியிருந்தால்கூட எடிட்டர் தாங்கியிருப்பார். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று டிஸ்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ஆறாவது டிஸ்கில் 'குப்பை' என்றொரு ஃபோல்டர் இருந்தது.

மூன்று வருஷமாக அவர் உயிரை வாங்கிய ஃபோல்டர் அது. நீக்கிய இரைச்சலைத் தனியாகச் சேமிக்கவா என்று மென்பொருள் என்றோ கேட்டிருக்கிறது, இவரும் ஏதோ நினைப்பில் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, எடுத்த இரைச்சலையெல்லாம் அது பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்தது. ஃபேன், ஜெனரேட்டர், மழை, யாரோ இருமியது. "ஊர்ல இல்லாத அதிசயமா குப்பையைச் சேர்த்து வைக்கிறீங்களே, கொட்டித் தொலைக்கக் கூடாதா?" என்று மனைவி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சோம்பேறித்தனம்தான் காரணம். இன்று அந்தச் சோம்பேறித்தனத்துக்கு மாலை போடலாம் என்றிருந்தது.

விழா தேதி போட்ட கோப்பைத் திறந்தார். பதினாறு ஃபேன்களும் ஒரே நேரத்தில் உறுமின. அதற்கு மேலே, கணீரென்று, அத்தை.

"...மூணு கால் ஸ்டாண்டுல ரெண்டு காலைத்தான் விரிச்சிருக்காரு எங்க மாப்பிள்ளை. சொன்னா கேக்க மாட்டாரு. அதான் நானே பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுக்கிட்டிருக்கேன்..."

எடிட்டர் மாமனாரைப் பார்க்காமல் கோப்பை வேகமாக நகர்த்தினார். மேடைப் பேச்சு வந்ததும் நிறுத்தி, ஹெட்போனை மாமனாரின் தலையில் மாட்டினார். தனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வாயாடின்னு எங்க வீட்டுல ஒரு பேர் உண்டு." இங்கேதான் முன்வரிசை சிரித்திருக்க வேண்டும். "இவர் காலைல ஆறு மணிக்குப் போனா ராத்திரி வருவார். வந்தா அலுப்பு. நான் சுவர்கிட்ட பேசினேன், குக்கர்கிட்ட பேசினேன். கேக்க ஆள் இல்லைன்னா பேச்சு அதிகமாத்தான் வரும். அது யாருக்கும் தெரியறதில்லை. அதனால இவர்கிட்ட எல்லார் முன்னாடியும் ஒண்ணு கேக்கறேன். நாளையிலேருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு பால்கனியில என்கூட கொஞ்ச நேரம் உட்காருவீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். இப்பவே பதிலும் வேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லுங்க."

மாமனார் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னொரு தடவை," என்றார். அதன்பிறகு இன்னொரு தடவை.

"ஃபேன் சத்தம் அதிகமா இருக்கு இல்ல மாமா?"

"இருக்கட்டும். தொடாதீங்க."

நாலாவது தடவை கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "மூணு வாரமா பால்கனியில ரெண்டு நாற்காலி போட்டு வைக்கிறா மாப்பிள்ளை. ஒண்ணுல அவ உட்காருவா. இன்னொண்ணுல நான் துண்டு காயப்போட்டுக்கிட்டிருக்கேன்."

எடிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார். கழித்த ஒலியைத் திரும்பக் கூட்டினால் பழைய ஒலி வந்துவிடும். அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். மணி நாலே முக்கால்.

வீட்டுக்குள் நுழைந்த மாமனார் செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய், நாற்காலியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் அத்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடிட்டர் ஹால் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

"யோசிக்க மூணு வாரம் ஆச்சாக்கும்?" என்றாள் அத்தை, திரும்பாமலே.

"யோசிக்கலை. கேக்கத்தான் மூணு வாரம் ஆச்சு."

அத்தை திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எடிட்டருக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று எதிர்பார்த்தார்.

"எதிர் வீட்டுல புதுசா குடி வந்திருக்காங்களே, தெரியுமா?" என்று அத்தை ஆரம்பித்தாள். "தெரிஞ்சிருக்காது, நீங்க எங்க பார்க்கறீங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னா..."

மூன்று வாரத்துப் பேச்சு, அணை திறந்த மாதிரி வந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, மாமனாரின் கை தன்னால் எழுந்து காதுக்குப் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தபோது மாமனார் மெஷினில் இருந்த சின்னச் சக்கரத்தை விரல் நுனியால் மெல்லத் திருகி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தார்.