விளக்கு தெரியும் தூரம்

“இறக்கணுமாம் மாமா! உங்க சட்டையே அதை மூடிடுதாம்!”

மாடி ஜன்னலில் மச்சினியின் தலை தெரிந்தது. வாசலில் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்த அவர் திரும்பிப் பார்த்தார். சீட்டுக்குக் கீழே, கம்பியில், அரைமணி நேரம் மல்லுக்கட்டி மாட்டிய சிவப்பு விளக்கின் மேல் அவருடைய தொளதொளச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கி மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார்.

கத்தியது மச்சினி என்றாலும் உத்தரவு அவள் அக்காவுடையது. அக்காவின் குரல் இப்போது ஜன்னலோரக் கட்டிலைத் தாண்டி வருவதில்லை. இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். டெப்போவில் அவளுக்கு ‘டிரைவரம்மா’ என்று பெயர், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் ஓட்டிய பஸ்ஸில்தான் அவரும் தினமும் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போவார், அவளுக்கு நேர் பின்னால், முதல் சீட்டில். அவள் நோயில் படுத்த பிறகு ஒரே ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறினார், பாதி வழியில் இறங்கிவிட்டார். மறுநாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“பஸ் ஓட்டுற பொண்டாட்டிய வச்சுக்கிட்டு, எவன் பஸ்ஸுக்கடியிலயோ போய் விழப் பார்க்கிறீங்களே!” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்கு அதே கவலைதான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட மனிதர், வேலை முடிந்து இருட்டில், பெரிய ரோட்டில் வரப்போகிறார். நாளாகவும் இருக்கலாம், வாரமாகவும் இருக்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன பிறகும் அவள் சைக்கிளுக்குப் பின்னாடி மாட்டுகிற விளக்கைப் பற்றித்தான் பேசினாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி என்றாள். இந்த ஒன்றையாவது அவள் மனசுக்குப் பிடித்த மாதிரி செய்து காட்டிவிட வேண்டும் என்று அவருக்கும் தவிப்பாக இருந்தது.

விளக்கு வாங்கியதே ஒரு கூத்து. சைக்கிள் கடைக்காரர் தங்கமான மனிதர். “அம்மாகிட்ட காட்டி எது வேணுமோ எடுத்துக்குங்க” என்று மூன்றைக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்து மூன்றையும் அவள் போர்வை மேல் பரப்பினார். முதலாவது சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது.

“இது தெரியணும்னா நான் பஸ்ஸ நிறுத்திட்டு இறங்கி வந்து பார்க்கணும்.”

இரண்டாவது விட்டு விட்டு மின்னியது. அவருக்கு அதன் மேல் ஒரு கண்.

“வேணாங்க. மின்னி மின்னி அணைஞ்சா, நீங்க எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு டிரைவருக்குப் பிடிபடாது. நின்னு எரியணும்.”

“பார்க்கக் கலகலன்னு இருக்கேன்னு நெனச்சேன்.”

“கலகலன்னு போய்ச் சேர இந்த வீட்டுல நான் ஒருத்தி போதாதா?”

மச்சினி விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது தீப்பெட்டி அளவு, சப்பைச் சதுரம். அழகு மருந்துக்கும் கிடையாது, ஆனால் அசையாமல் எரிந்தது. அதுதான் தேறியது. அதன் அட்டைப்பெட்டியில் ஒரு அச்சுப்பிழை இருப்பதை அவர் எடுத்த எடுப்பில் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த விளக்கைத் தலைகீழாக மாட்டியிருந்ததை மாடியிலிருந்து அவள்தான் கண்டுபிடித்தாள்.

இப்போது கேரியரின் பின்நுனியில் வைத்துப் பார்த்தார். கம்பி மெலிசு, பிடி ஆடியது. பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி முடுக்கினார். விளக்கு தரையைப் பார்க்கிறதாம், நிமிர்த்தினார். வானத்தைப் பார்க்கிறதாம், தாழ்த்தினார்.

“போதுமாம்! அப்படியே விடணுமாம்! கை வைக்காதீங்க மாமா!”

இருட்டத் தொடங்கியிருந்தது. மச்சினி அக்காவின் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி ஜன்னலோரமாகச் சாய்த்து உட்காரவைத்தாள். பஸ் டிரைவர் சீட்டைவிட மாடி உயரம்தான், ஆனாலும் பரவாயில்லை என்று டிரைவரம்மா முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். அவர் கீழிருந்து கையை ஆட்டினார். அவள் இரண்டு விரலை ஆட்டினாள்.

“நேரா போய்க்கிட்டே இருக்கணுமாம் மாமா! கண்ணுக்கு மறைஞ்சதும் சொல்லுவாளாம். நான் போன் அடிக்கிறேன், அடிச்சா திரும்பிடுங்க!”

வீடு பெரிய ரோட்டின் மேலேயே இருந்தது. ரோடு ரயில்வே கேட் வரைக்கும் ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடியது. அவர் மிதித்தார். மருந்துக்கடை வந்தது, சட்டைப்பையில் போன் அடிக்கவில்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சுவர் வந்து முடிந்தது. அடிக்கவில்லை. பெட்ரோல் பங்கைத் தாண்டியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தீப்பெட்டிக்கு இவ்வளவு வீச்சா! இருபத்திரண்டு வருடம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவர். இன்று அவள் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே அவருக்குச் சுகமாக இருந்தது. தேவையே இல்லாமல் மணியை இரண்டு தடவை அடித்தார்.

ரயில்வே கேட்டில்தான் போன் அடித்தது.

“கேட்டு வரைக்குமா தெரிஞ்சுது! சொல்லு உங்க அக்காகிட்ட, நான் கேட்டுல நிக்கிறேன்னு சொல்லு!”

மச்சினி அதைக் காதில் வாங்கவில்லை.

“மருந்துக்கடை தாண்டிட்டார், தெரியுதுன்னா. ஸ்கூலு தாண்டிட்டார், தெரியுதுன்னா. அப்புறம் ஒண்ணும் சொல்லல மாமா. பார்த்துக்கிட்டுதான் இருக்கான்னு நானும் ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன். லைட்டு தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு…” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. “வாங்க மாமா.”

அவர் சைக்கிளைத் திருப்பினார். கண்ணாடி நனைந்து ரோடு கலங்கலாகத் தெரிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. ஓரமாகப் போக வேண்டும் என்பதும் தோன்றவில்லை. சைக்கிள் நடுரோட்டில் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு டவுன் பஸ் வந்தது. எவ்வளவோ தூரத்திலேயே அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தப் பார்க்கவுமில்லை. பெட்ரோல் பங்கு, பள்ளிக்கூடச் சுவர், மருந்துக்கடை என்று வழி நெடுக, அவர் வேகத்துக்கே, இடைவெளி விட்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது.