ஆறாம் நம்பர் பேட்டரி

பேட்டரிகள் எப்படிக் கிழடாகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. லித்தியமும் கந்தகமும் சேர்ந்த பேட்டரி. உள்ளே திரவமே கிடையாது, எல்லாம் திடப்பொருள். சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அது தளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த விஷயத்தில் என் பேட்டரிகள் என்னை ஏமாற்றியதே இல்லை. சீக்கிரமே தளர்ந்துவிடும். கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் அத்தா அக்பர் அலி மட்டும், "எம் பொண்ணு ஜன்னத்து சென்னையில பேட்டரி டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பக்ரீத் லீவில் குடும்பத்தோடு ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போனோம். ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தது. ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருந்த பேட்டரிகளின் வரைபடத்தை போனில் திறந்தேன். ஆறாம் நம்பரின் கோடு சரியவே இல்லை.

"அத்தா, ஆறாம் நம்பரு கிழடாவவே இல்ல!" என்று கத்தினேன்.

பிரியாணிச் சட்டியை மடியில் பிடித்திருந்த அம்மா, "யாருடி அது ஆறாம் நம்பரு?" என்றார்.

மலை இறங்குவதற்குள் கட்டுரைக்குத் தலைப்பும், பரிசு வாங்கப் போகும்போது கட்ட வேண்டிய புடவையும் முடிவாகிவிட்டன.

மறுநாள் கடையில் அத்தா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இன்வெர்ட்டர் பேட்டரி வாங்க வந்திருந்த சின்னசேலம் தனசேகரன், "அப்ப உங்க பொண்ணுது வரட்டும் பாய், அதையே வாங்கிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பெருமையோடு, ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் சுபாஷுக்கு போன் போட்டேன்.

"ஆறா? அது கடையில வாங்கின சாதா பேட்டரியாச்சே. மெஷின் சரியா ஓடுதான்னு பாக்க நீதான மாட்டிட்டுப் போன?"

"அப்ப என்னுது?"

"ஏழு. அது போன வாரமே பூட்ச்சு. ஆமா, நெசமாவே கிழடாவலன்னா நீ இன்னாத்தப் பத்தி தீசிஸ் எழுதுவ?"

அத்தாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "தனசேகரன் பஸ் ஸ்டாண்டுலதான் இருப்பாரு, ஓடு" என்றார்.

சின்னசேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க உண்மையைச் சொன்னேன்.

"ஏம்மா பூட்ச்சு?" என்று அக்கறையாகக் கேட்டார்.

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. விடுவேனா? ஒவ்வொரு முறையும் கந்தகம் உப்பிச் சுருங்குவதை, உள்ளே விரிசல் விடுவதை, ஒட்டியிருந்த அடுக்குகள் பிரிவதை எல்லாம் விளக்கினேன். முன் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிக் கேட்டார்கள். தனசேகரன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எல்லாம் கந்தகத்தால வர்ற வினைதான்னு சொல்லு. அப்ப பாய் கடையிலயே வாங்கிக்கிறேன், அந்த பேட்டரில கந்தகம் இல்லியே?"

என் படிப்பு என்னைப் பொய் சொல்ல விடவில்லை. "கந்தக அமிலம் இருக்குதுங்க" என்றேன்.

அவர் மறுபடி பஸ்ஸில் ஏறிவிட்டார். "அது வேறங்க, இது வேற!" என்று நான் கத்தியது விசில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பினேன். "இன்னா ஆச்சு?" என்றார் அத்தா.

"நல்லா வெளக்கிச் சொன்னேன் அத்தா" என்றேன்.