பதினான்கு மூடிகள்

என் கணவரை என் ஓரகத்தி கொல்லப் பார்க்கிறாள் என்று ஒன்பது நாள் நம்பியவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

பதினாறு வருடமாக மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவருக்கு ஞாயிறுதோறும் மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். ஏழு நாளுக்கும் இரண்டு வரிசை, பதினான்கு மூடிகள். மேல் வரிசை மூடிகளில் சூரியன், கீழ் வரிசையில் நிலா. காலையில் இதயத்துக்கு இரண்டு, இரவில் தூக்கத்துக்கு ஒன்று. நான் விடிந்ததும் கடைக்கு ஓடிவிடுவதால் காலை மாத்திரையைக் கொடுப்பது ஓரகத்தி. இரவில் கொடுப்பது நான்.

அவளும் கொழுந்தனும் மாடியில் இருந்தார்கள். வீட்டைப் பிரிக்கச் சொல்லி ஏற்கெனவே ஒரு பெரிய சண்டை. "மாமா இருக்கிற வரைக்கும் இந்த வீடு பிரியாது" என்று என் கணவரைச் சுட்டி அன்றைக்கு அவள் சொன்னது என் காதிலேயே கிடந்தது. மருந்துக்குக்கூடச் சிரிக்காத முகம் வேறு.

ஒருநாள் குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். அவள் டப்பாவைப் படக்கென்று மூடிக் கையைப் பின்னால் மறைத்தாள். கணவரிடம் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று பேச்சை மாற்றினார். அன்று முதல் சோற்றைக்கூட நான் ருசி பார்த்த பிறகே அவருக்குப் போட்டேன். அவருக்கு எதுவும் ஆகவில்லை. எனக்குத்தான் இரண்டு கிலோ கூடியது.

ஒன்பதாம் நாள் காலை, கடைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பிப் பின்வாசல் வழியாக வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் அன்றைய இரண்டு மூடிகளையும் திறந்தாள். ஒரு குழியிலிருந்ததை எடுத்து மற்றதில் போட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்னடி கலக்குற? அவரக் கொன்னுட்டுத்தான் வீட்டப் பிரிப்பியா?"

நாற்காலியிலிருந்த கணவர்தான் கத்தினார்.

"அவ கைய விடு! மாத்திப் போட்டது நீ. அவ சரி பண்றா. நீ டப்பா நிரப்பின மொத நாளு காலையில மாத்திரை போட்டதும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். இவதான் டாக்டர் சீட்டை வெச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சா."

நம்பாமல் நாளைய மூடிகளைத் திறந்தேன். சூரியனுக்குக் கீழே தூக்க மாத்திரை.

கடையில் டப்பாவை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துத்தான் நிரப்புவேன். அப்போது சூரிய வரிசை என் பக்கம் இருக்கும். என் பக்கம் காலை, எதிர்ப்பக்கம் இரவு என்று கைக்குப் பழகிவிட்டது. வீட்டில் எதிரே ஆளில்லை, டப்பா என்னைப் பார்த்தபடி இருந்தது. மூடிகளை எல்லாம் முதலிலேயே திறந்துவிடுவதால் சூரியனும் நிலாவும் கண்ணில் படவில்லை. கை பழையபடியே போட்டிருக்கிறது. என் கையாலேயே அவருக்கு வினை வைத்திருக்கிறேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"ஊருக்கே மருந்து எடுத்துக் குடுக்கிற கை அக்கா. புருஷனுக்கே தப்பாப் போட்டோம்னு தெரிஞ்சா, நாளைக்குக் கடையில எப்படி நிப்பீங்க? நாந்தான் மாமாகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"வீட்டப் பிரிக்கணும்னு சண்டை போட்டவதானே நீ?"

"இப்பவும் பிரிக்கணும்தான். தனியாப் போகணும்ங்கிறது வேற. மாமா நல்லா இருக்கணும்ங்கிறது வேற."

அவள் மணிக்கட்டில் என் நகம் பதிந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இன்று உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார் என்றால் அது இந்தக் கையால்தான். அவள் என் கணவருக்குத் தண்ணீர் கொடுத்து, "மாத்திரைக்கு நேரமாச்சு மாமா" என்றாள்.

போன மாதம் வீட்டைப் பிரித்துவிட்டோம். மாடிக்குத் தனி வாசல், தனிச் சமையல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கீழே வந்து எனக்கு எதிரே உட்காருவாள். நான் டப்பாவை அவள் பக்கம் திருப்பி வைத்து நிரப்புவேன். அவள் ஒவ்வொரு மூடியாகப் பார்த்து மூடுவாள்.