பதினோராம் நாள்

ஃபெர்மின் தோவாரின் புதிய ஒப்பந்தத்தில் தேதிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பவேண்டியவள் டெல்ஃபினா. விசேலியா நகரின் அந்தப் பழைய கார் விற்பனை நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கடன் பத்திரங்கள் அவள் பொறுப்பு.

"மூணாந்தேதி போடு," என்றார் முதலாளி ஹோல்கம். "முதல் பத்திரத்துல இருக்கிற அதே தேதி."

"இன்னைக்குப் பதினாலு, சார்."

"காலண்டர் பார்க்க எனக்கும் தெரியும், டெல்ஃபி. அதுக்கா உனக்குச் சம்பளம்?"

வங்கி கடனுக்கு இசையுமுன்பே வண்டியைக் கொடுத்தனுப்பிவிடுவது இத்தொழிலின் வழக்கம். வங்கி கைவிரித்தால் விற்றவர் பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வாங்கியவர் கொடுத்ததையெல்லாம் திருப்பித் தரவேண்டும். பத்து நாள் கடந்தால் அந்த உரிமை போயிற்று. பழைய வட்டியிலேயே கடனை நிலையம் சுமக்கவேண்டும். வங்கியின் மறுப்பு வந்ததோ இன்று காலை. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை: ஃபெர்மின் மாற்றாகத் தந்த பழைய டிரக்கை நான்காம் நாளே ஏலத்தில் தள்ளிவிட்டார் ஹோல்கம். ஆகவேதான் கூடுதல் வட்டியில் ஒரு புதுப் பத்திரம். அதன் தலையில் பழைய தேதி.

நண்பகலில் ஃபெர்மின் வந்தார். ஆரஞ்சுக் கிடங்கில் பெட்டி அடுக்குபவர். ஆரஞ்சுத் தோலின் மணம் அவரோடு உள்ளே நுழைந்தது.

"மறுபடியும் கையெழுத்தா, சென்யோரா? என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை கையெழுத்துப் போடல."

டெல்ஃபினாவால் சிரிக்க இயலவில்லை. "நியேவெஸ் எப்படி இருக்காங்க?"

"வெளிய வண்டியில தூங்குறா. இப்பத்தான் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வர்றோம். வாரம் மூணு தடவை, போக முப்பது மைல்."

சன்னலுக்கு அப்பால் கார்க்கண்ணாடியில் தலை சாய்த்து அவர் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள்; முழங்கையில் வெள்ளைக் கட்டு.

ஃபெர்மின் புதிய தவணைத் தொகையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "போடலேன்னா வண்டிய எடுத்துக்குவாங்களா?"

'ஆம்' என்று சொல்லவேண்டும் என்பது ஹோல்கமின் ஆணை. இதே நாற்காலியில் அமர்ந்த பலரிடம் அவள் அதைச் சொன்னதுண்டு. அன்று ஒன்பதாம் நாளா பன்னிரண்டாம் நாளா என்று அவள் எண்ணியதுமில்லை, அவள் நா அஞ்சியதுமில்லை. இன்று அஞ்சியது.

"எடுக்க முடியாது," என்றாள் ஸ்பானியத்தில், தாழ்ந்த குரலில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஹோல்கமுக்கு ஸ்பானியம் தெரியாது. "பத்து நாள் முடிஞ்சுபோச்சு. பழைய பத்திரந்தான் செல்லும். போடாதீங்க."

அவர் மகிழவில்லை. "அன்னைக்கு, 'போடுங்க, எல்லாம் முடிஞ்சுது'ன்னு சொன்னதும் இதே வாய்தானே? இன்னைக்குப் போடாதீங்கன்றீங்க. இதுல எது வலை?"

"உங்க பேப்பர் பின்பக்கத்துல, ஸ்பானியத்துலயே இருக்கு."

"பேப்பர் எழுதினது உங்க ஆளுங்கதானே? நாளைக்கு விடிஞ்சதும் வாசல்ல வண்டி இல்லேன்னா இவள முதுகுலயா தூக்கிட்டுப் போவேன்? கூடக் குடுத்துத் தொலைக்கிறேன்." பேனாவை எடுத்துவிட்டார். டெல்ஃபினா தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

ஹோல்கம் கதவைத் தட்டினார். "என்ன, அழுவுறானா?"

"கேள்வி கேக்கறார், சார்."

ஃபெர்மின் பேனாவை அவள் பக்கம் உருட்டினார். "அப்ப இப்ப சொன்னதை நீங்க எழுதுங்க. கீழ உங்க பேரு, கையெழுத்து. இத்தனை நாளா நாங்கதானே போட்டோம்?"

அவர் கேட்டது நியாயம். அதனாலேயே அது சுட்டது. அப்படி எழுதிய தாள் ஒரு வழக்கறிஞர் கைக்குப் போனால், இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நிலையமும் அவளை வாசல் மிதிக்க விடாது. முன்பு அவள் 'ஆம்' சொல்லிக் கையெழுத்து வாங்கிய பத்திரங்களும் பெட்டியிலிருந்து எழுந்து வரும். இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்தாள். மூன்றாம் முறை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள்: இன்று பதினோராம் நாள் என்றும், அதுவரை ரத்து அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை என்றும், பழைய தேதி இடுமாறு தனக்குச் சொல்லப்பட்டது என்றும். முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நன்றி சொல்லவில்லை. "இது பலிக்கலேன்னா, ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார் முன்னாடியும் உங்களக் கேப்பேன்," என்று எழுந்து போனார்.

ஹோல்கம் உள்ளே வந்து கை நீட்டினார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, சார்," என்று கையெழுத்து விழாத பத்திரத்தைக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் பக்கத்தைத் தேடிப் புரட்டத் தொடங்கினார். அவள் எழுந்து, நாற்காலி முதுகில் தொங்கிய மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.