ட்றெவர் இறுக்கு

சுனாமிக்கு அடுத்த தைப்பொங்கலன்று காலை, பீலிக்ஸ் தன் வாழ்நாளில் இறுக்கிய நட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அரைச் சுற்றுத் தளர்ந்தன. மட்டக்களப்பு நகரத்தில் அவர் பூட்டிய மின்சாரப் பனல் போர்டுகள் உறுமின, சில புகைந்தன. ஒரு மண்டபத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இறங்கி மேசையில் உட்கார்ந்தது. கல்லடிப் பாலத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கழன்று அவரை முந்திக்கொண்டு போனது. வேறு ஆட்கள் வந்து இறுக்கினாலும் அந்த நட்டுகள் நிற்கவில்லை. ஸ்பானரை எடுத்ததும் அரைச் சுற்றுத் திரும்பி வந்தன. பீலிக்ஸின் கை படாத புது நட்டுப் போட்டால் நின்றது. பொங்கல் பானை கழுவும் முன்பே ஊர் இதைக் கற்றுக்கொண்டது. கடல் அறைக்குள் வந்துபோன ஊருக்கு நட்டுத் தளர்வது பெரிய செய்தி இல்லை.

எத்தல் மட்டும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள். அவள் புருஷன் ட்றெவர், பீலிக்ஸின் சித்தப்பா மகன், அவரிடமே வயர்மனாக இருந்தவன். சுனாமிக்கு முந்திய ஆவணியில் வாழைச்சேனையில் ஓர் ஐஸ் பக்டரியின் போர்டு தீப்பிடித்துச் செத்தான். போதிய அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் டோர்க் ஸ்பானர் வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் பீலிக்ஸ் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "இதுக்குத் தெரியும்டா." கடைசியில் ட்றெவர் ஒன்றை இரவல் வாங்கினான். ஐந்து நட்டுகளை அதால் இறுக்கி, தளர்ந்தால் தெரியட்டும் என்று நட்டிலிருந்து செப்புப் பட்டைக்கு எத்தல் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் கோடு இழுத்தான். ஆறாவதற்குள் பீலிக்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. அவனை விலக்கித் தன் கையாலேயே இறுக்கினார். அன்று மாலை இதை அவன் எத்தலிடம் சொன்னான். மறுநாள் ஆறாவது நட்டில்தான் தீப்பற்றியது.

செத்தவீட்டில் வைத்தே பீலிக்ஸ் சொல்லிவிட்டார்: அந்தப் போர்டில் தான் கைவைக்கவே இல்லை, ஒன்றை இறுக்கத் தம்பி மறந்துவிட்டான். பேச்சு ஊருக்குப் பிடித்துப்போனது. மூடி சரியாகப் பூட்டாத போத்தல் 'ட்றெவர் இறுக்கு' ஆனது. பிறகு அரைகுறையான எல்லாமும். மரக்கறிக்காரி சொன்னாள். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். எரிந்த போர்டு பக்டரியின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்க்க எத்தல் மனதைத் திடப்படுத்திக்கொள்ளும் முன் கடல் வந்து எடுத்துப்போனது.

அவள் டோர்க் ஸ்பானர்களுக்கென்றே கடை திறந்தாள். வேலை கிடைக்காமல் போன பீலிக்ஸ் முதல் கிழமையே வந்து, இருப்பதிலேயே நீளமானதை எடுத்தார்.

"இது காணும்கா. நல்ல பிடி."

"நீளம் பெருமைக்குத்தான், அண்ணன். பிரேக்கர்ர சின்ன ஆணிக்கு இத வெச்சா கழுத்து முறியும்."

சின்ன ஆணிகளுக்கு டோர்க் திருப்புளி ஒன்றும், பட்டை நட்டுகளுக்கு, வேண்டிய அளவு பிடியிலுள்ள அளவுக்கோடுகளின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் விழும் ஸ்பானர் ஒன்றும் எடுத்தாள். பிடியில் படிக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தாள். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சுருள்வில்லுச் சோர்ந்துவிடும் என்றாள். அவர் போனதும், கடையில் இருந்த ஏறாவூர்ப் பழைய இரும்புக்காரர் சாலிஹ் கேட்டார்:

"புருஷனக் கொன்னவனுக்கு ஏன் புள்ள நல்ல சாமான் குடுக்கிறாய்?"

"கெட்டதக் குடுத்தா பழிய சாமான்ல போட்டிருவார், நானா. நல்லதக் குடுத்தா மிஞ்சிறது அவர்ர கைதான்."

அதன்பின் வருடங்கள் போயின. வாவியைத் தாண்டி வாகரைப் பக்கம் ஷெல் போனது. அங்கிருந்து சனம் வந்து கூடாரங்களில் இருந்தது, பிறகு திரும்பிப் போனது. பீலிக்ஸ் முள் காட்டுவது வாங்கினார், விளக்கு எரிவது வாங்கினார், கொழும்பிலிருந்து அவருக்கென்றே எத்தல் வரவழைத்ததும் வாங்கினார். எல்லாம் சரியான இடத்தில் 'டிக்' என்றன. நட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றை மட்டும் அவள் விற்கவில்லை. ட்றெவர் இரவல் வாங்கிய வகை. அது சுவரில் தொங்கியது.

போர் முடிந்து கடல்தடை நீங்கிய பருவத்தில் மாங்கேணி வலையொன்றில் பாரமாக ஏதோ ஏறியது. மீனவர்கள் அதைச் சாலிஹுக்குத் தள்ளிவிட்டார்கள். சிப்பியைச் சுரண்டிய சாலிஹ் சிவப்புக் கோடுகளைக் கண்டதும் அந்தப் போர்டை லொறியில் ஏற்றி எத்தலின் கடை வாசலில் இறக்கினார். பீலிக்ஸ் ஒரு ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார். மரக்கறிக்காரியும் நின்றாள்.

எத்தல் சுவரிலிருந்ததை எடுத்து அளவு வைத்தாள். ஐந்து நட்டுகளும் அசையாமல் 'டிக்' என்றன, கோடுகள் முறியவில்லை. கோடில்லாத ஆறாவதும் 'டிக்' என்றது. ஸ்பானரை எடுத்தாள். நட்டு, அவசரமில்லாமல், அரைச் சுற்றுத் திரும்பி வந்தது. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பீலிக்ஸ் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

எத்தல் ஸ்பானரை மறுபடி சுவரில் மாட்டினாள். அளவைக் கீழே இறக்கவில்லை.

"சொல்லுங்க பீலிக்ஸ் அண்ணன். இது ஆர்ர இறுக்கு?"