நூருன்னிஸா கொடுக்காத வெடி

யுத்தம் முடிந்துவிட்டதாக றேடியோ சொன்ன காலை, லக்கலப் பக்கத்து அந்தச் சிறிய ஊருக்கு பஸ் வரவில்லை. பட்டாசு வாங்க டவுனுக்குப் போக வழியில்லாததால், ஆண்கள் வீட்டிலிருந்த யானை வெடிகளை எடுத்து வந்தார்கள். நெல்லைத் தேடி வரும் யானைகளை விரட்டுவதற்கென்று வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட வெடிகள் அவை. குளக்கட்டுச் சந்தியில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

விமலசேனவுக்குத்தான் எல்லோரையும்விடச் சந்தோஷம். அவருடைய மகன் படையில் இருந்தான். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற தகவல் அன்று காலைதான் கிடைத்திருந்தது. மனிதர் அழுதுகொண்டே வெடி கொளுத்தினார்.

நூருன்னிஸாவும் சந்தியில்தான் இருந்தாள். அந்தச் சிங்கள ஊரில் இருந்த சில முஸ்லிம் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. தன் மரத்துத் தேங்காய்களைக் கொண்டுவந்து, விமலசேனவின் மனைவி கருணாவதியோடு உட்கார்ந்து ஊருக்குப் பரிமாறும் பாற்சோற்றுக்குத் துருவிக்கொண்டிருந்தாள். வெடிகள் தீர்ந்துகொண்டு வந்தபோது, அவளுடைய கணவனின் தம்பி றினோஸ் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மதினி, உங்க வீட்டு வெடியையும் தாங்க. எல்லாரும் குடுத்துட்டாங்க."

"அது யானைக்கு, றினோஸ்."

"தெரியும். இன்னைக்கு நாம குடுக்காம இருந்தா வேற மாதிரிப் பேசுவாங்க. நாம தமிழ் பேசுற ஆளுங்க."

"பேசட்டும். அறுத்த நெல்லு இன்னும் வீட்டுக்குள்ளதான் கெடக்கு."

முந்தின வருடம் அவள் கணவன் கலந்தர் காட்டை வெட்டிப் பயிர் வைத்திருந்த சேனையிலிருந்து திரும்பி வரும்போது யானை அடித்து இறந்திருந்தான். அவனுடைய கூக்குரல் கேட்டு ஓடியவர்களின் கையில் அன்று ஒரு வெடிகூட இருக்கவில்லை. றினோஸும் ஓடியவர்களில் ஒருவன். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கேட்டது விமலசேன. தன் பிள்ளை பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷமில்லையா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சந்தோஷம்தான், அதனால்தான் விடிந்ததிலிருந்து தேங்காய் துருவுகிறேன் என்று அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள். வெடியை மட்டும் தரமாட்டேன் என்றாள். கூட்டத்தில் யாரோ, இவர்களுக்கு எப்படிச் சந்தோஷம் வரும் என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போனால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும் என்று நினைத்து, கடைசித் தட்டுவரைக்கும் நின்று பாற்சோறு பரிமாறிவிட்டே வீட்டுக்குப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் கருணாவதியின் அலறல் கேட்டது. தனியன் யானையொன்று அவர்கள் வீட்டுச் சுவரை உடைத்து, நெல் மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தது. கருணாவதி உள்ளறையில் அகப்பட்டுவிட்டாள். ஆண்கள் தகரம் தட்டினார்கள், கத்தினார்கள். யானை அசையவில்லை.

நூருன்னிஸா வெடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மகள் நுஸ்ரா கொள்ளிக்கட்டையோடு பின்னால் ஓடினாள். கலந்தர் இறந்த பிறகு நூருன்னிஸா அவ்வளவு கிட்டத்தில் யானையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் திரி பற்றவில்லை.

"உம்மா, எங்கிட்டத் தாங்க," என்றாள் நுஸ்ரா.

"நீ நெருப்ப மட்டும் புடி."

இரண்டாவது பற்றியது. யானையின் காலடிக்குப் பக்கமாக எறிந்தாள். அது பிளிறிக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது. அவள் பின்வாங்காமல் அடுத்ததையும் கொளுத்தி எறிந்தாள், அதற்கடுத்ததையும் எறிந்தாள். புகைக்குள்ளிருந்து யானை விலகி, வாழைகளை மிதித்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியது.

விமலசேன இடிந்த சுவர் வழியாகப் புகுந்து மனைவியை வெளியே கொண்டுவந்தார். கருணாவதி நூருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. விமலசேன ஏதோ சொல்ல வாயெடுத்தார். நூருன்னிஸா அதற்காகக் காத்திருக்கவில்லை. மிஞ்சிய வெடிகளை வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னாள். யானை இறங்கும் பாதையில் காவல் பரண் ஒன்று கட்ட வேண்டும், எல்லா வீட்டாரும் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னாள். கலந்தர் இறந்தபோதும் அவள் இதையேதான் சொன்னாள். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது யாரும் மறுத்துப் பேசவில்லை.

"றினோஸ், விடியச் சுபஹுத் தொழுதுட்டு மண்வெட்டியோட வந்துரு," என்றாள்.

காலையில் அவர்கள் அந்தப் பாதைக்குப் போனபோது விமலசேன ஏற்கெனவே வந்திருந்தார். தன் வீட்டுச் சுவர் இடிந்தபடியே கிடக்க, பரணுக்கு மரம் வெட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். முதல் குழியை எங்கே தோண்டலாம் என்று விமலசேன அவளிடம் கேட்டார். காட்டுப்பாதை திறக்கும் மேட்டில் ஏறி, இரு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் இடத்தைக் காட்டினாள்.