மூன்றாம் ஓலை முடியட்டும்

"நீ சாமிகிட்ட கடுதாசி கேக்கப் போனேன்னு வையி, ரீனா கல்யாணம் அம்புட்டுத்தான்." பவுல்ராஜ் வாசலை மறித்து நின்றான். பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது.

ஆனந்தமேரி முக்காட்டை இழுத்துவிட்டாள். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் முடி கொட்டியபோது, வேளாங்கண்ணியில் மொட்டை போட்டதாக ஊருக்குச் சொன்னவன் புருஷன்தான். வெங்காயப் பேட்டையில் மூட்டை தள்ளிய அவள் உடம்பு இப்போது செருப்பு மாட்டவே சுவரைப் பிடித்தது.

மதுரை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "நோய் போயிருச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுதும்மா. ஆனா தப்புன மிச்சம் எலும்பு மஜ்ஜைக்குள்ள இருக்கலாம். அதைத் தேடுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதைப் பாத்துத்தான் மருந்தை நிறுத்தவா, கூட்டவான்னு சொல்ல முடியும்."

மஜ்ஜையை எடுத்த அன்றே சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு அறக்கட்டளை இலவசமாகச் செய்துதர ஒத்துக்கொண்டது. அதற்குப் பங்குச்சாமியின் சிபாரிசுக் கடிதம் செவ்வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் இரண்டு மாதம் கழித்துத்தான்.

இன்று மகளுக்கு இரண்டாம் ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம்.

"மூணாம் ஓலை முடியட்டும் மேரி. தாயிக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லிருவாய்ங்க."

"எனக்குள்ள இருக்குறது ஓலை முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்குமா? தள்ளுங்க."

பூசை முடிந்து கூட்டம் கலையும் முன்பே சாமியின் எதிரில் போய் நின்றாள். நோயின் பெயரைச் சொன்னாள். ஓலை கேட்கக் குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் கிளாரா இரண்டடி தள்ளி நின்றாள். பவுல்ராஜ் தரையைப் பார்த்தான்.

"இம்புட்டு நாளா ஏம்மா சொல்லல?"

"சொல்ல விடல சாமி."

கடிதத்தோடு வெளியே வந்தவளைக் கிளாரா கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போனாள். சம்பந்தம் முறிந்தது என்றே ஆனந்தமேரி நினைத்தாள். தாங்க முடியாத அசதி. முறிந்தால் முறியட்டும் என்றிருந்தது.

"மதினி, அந்த டெஸ்ட்டுக்கு யாரப் பாக்கணும்?" கிளாரா கிசுகிசுத்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே நோவுதான். எடுக்கச் சொல்லி எட்டு மாசமாச்சு. விசாரிச்சா வெளிய தெரிஞ்சிருமேன்னு... நாங்களும் மூணாம் ஓலை முடியட்டும்னுதான் இருக்கோம்."

கிளாரா சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

"நம்பர் இருந்தாச் சொல்லுங்க. மெதுவா. ஒரு காதுலயும் விழுந்துறக் கூடாது."

ஆனந்தமேரி அறக்கட்டளையின் போன் நம்பர் இருந்த தாளைப் பிரித்தாள். கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தாள்.